மொத்தம் பதின்மூன்று, சரி

உமது மடிக்கணினியில் மற்ற எழுத்துகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. மேல்நோக்கிய அம்புக்குறி இருந்த விசையில் மட்டும் அம்புக்குறி இல்லை. விரல் பட்டுப் பட்டு அழிந்து, அந்த இடம் வழுவழுவென்று கிடக்கிறது. மூடியைத் திறக்கும்போது நீர் விரல் மொளிகளுக்குப் பூசும் தைலத்தின் மணம் இன்னமும் வருகிறது. திரையில் கீறல் விழக்கூடாது என்று நடுவில் வைத்த கொப்பித் தாளையும் நான் எறியவில்லை. ஐந்து மாதமாக இது என் மேசையில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலைகளில் திறக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை.

நான் பழகத் தொடங்கிய நாட்களில் கணினியின் கறுத்தத் திரையில் ஒவ்வொரு கட்டளையையும் முதலெழுத்திலிருந்து தட்டுவேன். ஒரு எழுத்துப் பிழைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. நீர் பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்துப் பொறுக்கமாட்டாமல் சிரித்தீர்.

"என்ன ரீச்சர், தண்டனை எழுதுற பிள்ளை மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறீர்? மேல் அம்பை அமத்தும். போனமுறை என்ன சொன்னனீர் எண்டு அதுக்கு ஞாபகம் கிடக்கு."

அமர்த்தினேன். சற்றுமுன் தட்டியது வந்தது. இன்னொருமுறை அமர்த்த நேற்றையது. பிறகு முந்தநாளையது.

"எங்கட வகுப்புப் பிள்ளையளை விட இது நல்ல பிள்ளை. ஒருக்காச் சொன்னாக் காணும், மறக்காது" என்றீர். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

நீர் கணிதம், நான் புவியியல். இருபத்திரண்டு வருடம் ஒரே ஆசிரியர் அறை, எதிரெதிர் மேசை. ஒரே வருடத்தில் ஓய்வு பெற்றோம். நான் வீட்டில் மிளகாய்க் கன்று வைத்தேன். நீர் கணினியைத் திறந்தீர். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் சிலர், வன்னியின் கிராமப் பள்ளிக்கூடங்களில் கிடக்கும் பழைய கணினிகளுக்கு இணையம் வழியாகப் பலம் கொடுக்கப்போகிறோம், இங்கே பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டபோது கையை உயர்த்தியது நீர்தான். அந்தக் கையோடு என் கையையும் சேர்த்து உயர்த்திவிட்டீர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெய்நிகர் கணினி என்றால் என்ன என்று கேட்டேன். நீர் புத்தகத்தில் இருந்ததைச் சொன்னீர். விளங்கவில்லை. பிறகு நானே எனக்கு ஓர் உதாரணம் கண்டுபிடித்தேன். மீளக்குடியமர்ந்த முதல் வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு மண்டபம்தான் கூரையோடு இருந்தது. அதைத் தரப்பாளால் மறித்து ஐந்து வகுப்பு நடத்தினோம். ஒவ்வொரு வகுப்புக்கும் தன் கரும்பலகை, தன் ஆசிரியர், தன் சத்தம். உள்ளே இருக்கும் பிள்ளைக்கு அது தனி வகுப்பறை. வெளியே நின்று பார்த்தால் ஒரே மண்டபம். "இதுவும் அப்படித்தானே? எங்கையோ தூரத்தில ஒரு பெரிய மண்டபம். நாங்கள் கட்டளை எழுதினா அவை ஒரு தரப்பாளைக் கட்டி இடம் பிரிச்சுத் தருவினம்" என்றேன். நீர் மேசையில் தட்டினீர். "ஓம், ரீச்சர். இதைவிட ஆரும் வடிவாச் சொல்லேலாது." அந்தப் பாராட்டில் நான் மயங்கிவிட்டேன். ஒரு பொருளுக்கு உதாரணம் கிடைத்துவிட்டால் பொருளே விளங்கிவிட்டது என்று நினைப்பது என் நெடுநாள் நோய்.

சிங்கப்பூரில் இருந்த ஒரு மண்டபத்தில் எங்களுக்குப் பதின்மூன்று தரப்பாள் அறைகள். பதின்மூன்று பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொன்று, ஊரின் பெயரே கணினியின் பெயர். அவற்றை நடத்த நீர் மூன்று கட்டளைக் கோவைகள் எழுதினீர். 'எழுப்பு' காலை ஏழு மணிக்கு எல்லாவற்றையும் தொடக்கிவிடும். 'படுக்கவை' பின்னேரம் நாலு மணிக்கு நிறுத்தும். மூன்றாவது 'துடை'. நிறுத்துவது என்றால் வகுப்பறையைப் பூட்டிவிட்டுப் போவது. நாளைக்குத் திறந்தால் கரும்பலகையில் எழுதினது அப்படியே இருக்கும். துடைப்பது என்றால் தரப்பாளைப் பிடுங்கி, கரும்பலகையையும் உடைத்து, இடத்தை வேறு ஆளிடம் கொடுப்பது. ஒருநாள் நான் காலை பத்து மணிக்குக் கை தவறி 'படுக்கவை'யை ஓடவிட்டேன். அக்கராயனில் இருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக் கணினி ஆசிரியர் பதறிக்கொண்டு எடுத்தார். "ரீச்சர், எல்லாத் திரையும் செத்துப்போச்சுது!" நீர் என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினீர். "ஒண்டுமில்லைச் சேர், எங்கட புவியியல் ரீச்சர் உலகத்தை ஒருக்கா நிப்பாட்டிப் பாத்தவா. இப்ப சுத்தவிடுறம்."

'துடை'யை மட்டும் நீர் என்னைத் தொடவிடவில்லை. அதை எழுதிய விதமும் வேறு. அந்தப் பழைய மாணவர்களின் அறக்கட்டளைக்காகக் கொழும்பில் இருந்து மேற்பார்வை பார்த்த பொறியியலாளர் தம்பி அதைக் கண்டுவிட்டு உம்மோடு வாதாடினார். வைத்திருக்க வேண்டியவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதினால் போதும், அதில் இல்லாததெல்லாம் வெள்ளிக்கிழமை தானாகத் துடைபட்டுவிடும், எல்லா இடத்திலும் அப்படித்தான் என்றார். நீர் தலைகீழாக எழுதியிருந்தீர். துடைக்க வேண்டியவற்றுக்குத்தான் பட்டியல். அதில் பெயர் சொல்லி எழுதினால் மட்டும் துடைபடும், அதுவும் 'இதை ஆர் கேட்டது?' என்று ஒருமுறை கேட்ட பிறகு.

"பேர் இல்லை எண்டதுக்காக ஒண்டையும் நான் இல்லாமல் ஆக்க மாட்டன், தம்பி" என்று அவரிடம் சொன்னீர். அவர் உம்மைப் பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார். காரணம் எனக்குத் தெரியும்.

போர் முடிந்து எங்களை வைத்திருந்த முகாமில் பதிவு எழுதச் சொல்லி ஆசிரியர்களைத்தான் கூப்பிட்டார்கள், எங்கள் எழுத்துத் தெளிவாக இருக்கும் என்று. நானும் எழுதினேன், நீரும் எழுதினீர். உமது வரிசையில் ஒரு மனிதர் காய்ச்சலில் கூடாரத்துக்குள் கிடந்தார், மேசைக்கு வரவில்லை. வந்தவர்களை எழுதி, கூட்டி, கோடு கீறிக் கொடுத்தீர். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ்ஸில் பட்டியலில் இருந்தவர்களை மட்டுமே ஏற்றினார்கள். பஸ் போகமுன் அவருடைய மனைவி உம்மிடம் வந்து, "என்ர மனுசன்ர பேர் எழுதினனீங்களோ, பிள்ளை?" என்று கேட்டா. நீர் "எழுதினனான்" என்று சொன்னீர். பயத்தில் வந்த பொய். அந்த மனிதர் ஆறாம் நாள் செத்துப்போனார்.

இதை நீர் எனக்கு ஒரே ஒருமுறைதான் சொன்னீர், கிளிநொச்சிச் சந்தையால் வரும் வழியில், மரக்கறிப் பையோடு. "அவாவுக்குத் தெரியும், ரீச்சர். பொய் எண்டு என்ர முகத்திலயே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் 'அப்ப சரி, பிள்ளை' எண்டு சொல்லிப்போட்டுப் போனவா. ஏசியிருந்தாலும் காரியமில்லை. அந்தச் 'சரி' தான் இண்டைக்கும் என்ர நெஞ்சில கிடக்கு."

அதன் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. நீர் 'துடை'யை அப்படி எழுதினீர், அவ்வளவுதான்.

பதினான்காவது கணினி எப்போது வந்தது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. அக்கராயனிலும் வேறு சில இடங்களிலும் உயர்தரக் கணிதத்துக்கு ஆசிரியர் இல்லை என்று கேள்விப்பட்ட பிறகு நீர் உமது பாடங்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கினீர். கைத்தொலைபேசியில் பேசிப் பதிவீர். நேரே அந்தப் பதினான்காவதில் ஏற்றிவிட்டு, இடம் காணாது என்று தொலைபேசியிலிருந்து அழிப்பீர். ஒரு கணக்கை மூன்று விதமாகச் சொல்வீர். நடுவில் காகம் கத்தினால், "காகத்துக்கும் விடை தெரியும் போல" என்பீர். அதையும் வெட்டமாட்டீர்.

அந்தக் கணினிக்கு நீர் பெயர் வைக்கவில்லை. தானாக வந்த எட்டு எழுத்தும் இலக்கமுமே அதன் அடையாளம். ஏன் என்று கேட்டேன்.

"பிள்ளை பிறந்து முப்பத்தொரு நாள் கழியாமல் பேர் வைக்கிறதே? முப்பத்தொரு பாடம் முடியட்டும். அண்டைக்குப் பால்சோறு காய்ச்சிப் பேர் வைப்பம். அதோட ஒரு பிரதியும் எடுத்து வைப்பம்."

இருபத்தெட்டுப் பாடம் முடிந்திருந்தபோது உம்மை யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் சேர்த்து மறித்துவிட்டார்கள்.

கடவுச்சொற்களை ஒரு தாளில் எழுதி என் கையில் தந்தீர். "ஒண்டும் செய்ய வேண்டாம். எழுப்பும், படுக்கவையும். அவ்வளவுதான்." நான் இரண்டு கிழமை எழுப்பினேன், படுக்கவைத்தேன். மூன்றாம் கிழமை புதன்கிழமை கொழும்புத் தம்பி தகவல் அனுப்பினார். எல்லா மாவட்டத்துக்கும் ஒரே ஒழுங்கு கொண்டுவருகிறார்களாம். உமது 'துடை'யை எடுத்துவிட்டுத் தங்களுடையதைப் போடுகிறார்களாம். வைத்திருக்க வேண்டிய கணினிகளின் பட்டியலை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம்.

உமக்கு ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். வருத்தக்காரியை ஏன் கரைச்சல்படுத்துவான் என்று விட்டேன் என்றுதான் எல்லோருக்கும் சொன்னேன். உமக்கு உண்மையைச் சொல்கிறேன். நான் தனியாகச் செய்து காட்ட விரும்பினேன். நீர் திரும்பி வரும்போது, "பாரும், உமக்குச் சொல்லாமலே எல்லாம் முடிச்சிட்டன்" என்று சொல்ல விரும்பினேன்.

எல்லாக் கணினிகளையும் காட்டும் கட்டளையைத் தட்டினேன். பதினான்கு வரி வந்தது. பதின்மூன்று ஊர்ப் பெயர். ஒன்று எழுத்தும் இலக்கமும். நான் பார்த்தேன். பார்க்காமல் விட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பரீட்சார்த்தமாக எப்போதோ உண்டாக்கி மறந்த ஒன்று என்று நினைத்தேன். பள்ளிக்கூட வரவு இடாப்பு எழுதுவது போல ஊர்களை ஒழுங்காக எழுதினேன். மேலே 'தயாரித்தது' என்று என் பெயரும் திகதியும் போட்டேன். கீழே 'மொத்தம் பதின்மூன்று, சரி' என்று எழுதினேன். முப்பத்தைந்து வருடம் வகுப்பெடுத்தவள் நான். இடாப்பில் பெயரில்லாத ஒரு பிள்ளை பின்வரிசை வாங்கில் இருந்தால், "ஆர் நீ, எங்கையிருந்து வந்தனீ?" என்று கேட்காமல் ஒருநாளும் பாடம் தொடங்கியதில்லை. அன்றைக்குக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை அக்கராயன் சேர் எடுத்தார். பிள்ளைகள் பிரத்தியேக வகுப்புக்கு வந்து காத்திருக்கிறார்கள், கணிதப் பாடம் ஒன்றும் திறக்கவில்லை என்றார். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். பதின்மூன்று வரி. அப்போதுதான் எனக்குப் பால்சோறு ஞாபகம் வந்தது.

கொழும்புக்கு எடுத்தேன். தம்பி நல்ல பிள்ளை. நான் கத்திக் கத்திக் கதைத்தும் குரலை உயர்த்தவில்லை.

"அது லிஸ்ட்டில இல்லையே, ரீச்சர்."

"இல்லாட்டித் துடைக்கிறதே? ஒரு சொல்லுக் கேக்கிறேல்லையே?"

"நேற்று ஓடின உடனே டிஸ்க்கோட அழிஞ்சுபோச்சுது. திருப்ப ஏலாது. நீங்கள் அனுப்பின லிஸ்ட்தானே, ரீச்சர்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் அவரில் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு உம்மைப் பார்க்க வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். உதாரணம் தேடினேன். ஆனையிறவு தாண்டும்வரை ஒன்றும் அகப்படவில்லை. நீர் கட்டிலில் சாய்ந்திருந்தீர். கை எலும்பாகக் கிடந்தது. மடிக்கணினி கட்டிலடி அலுமாரியில் மூடியபடி இருந்தது. ஊர்க் கதை, மிளகாய் விலை, உமது பெறாமகளின் இடமாற்றம் எல்லாம் கேட்டீர். பிறகு கேட்டீர்:

"என்ர பிள்ளை என்ன செய்யுது?"

"எந்தப் பிள்ளை?"

"பேர் வைக்காத பிள்ளை."

"ஓடுது" என்றேன். "வடிவா ஓடுது. அக்கராயன் பிள்ளையள் நேற்றும் கேட்டவை."

நீர் இடியப்பப் பொதியை மடியில் இழுத்து வைத்தீர். "அப்ப சரி" என்றீர். பிறகு ஒரு வாய் இடியப்பம் சாப்பிட்டு, "சொதிக்கு உப்புக் காணாது, ரீச்சர்" என்றீர். நான் தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் நித்திரையும் கொண்டேன்.

பதினொரு நாளில் நீர் போய்விட்டீர்.

உமது முப்பத்தோராம் நாள் நினைவுக் கூட்டத்தில் அதிபர் பேசினார். "அவாவின்ர குரல் எங்கட பிள்ளையளுக்கு எண்டைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும்" என்றார். சபை என் பக்கம் திரும்பியது. பொறுப்பு யார் கையில் என்று எல்லோருக்கும் தெரியும். நான் தலையாட்டினேன். அக்கராயன் சேர் மட்டும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த கிழமை உமது பெறாமகள், அக்காவின் மகள், இந்த மடிக்கணினியைக் கொண்டுவந்து தந்தா. "ரீச்சர், சின்னம்மாவின்ர பாடமெல்லாம் இதுக்குள்ளால எடுக்கலாமாம். எடுத்துத் தாங்கோ. படிக்கிறதுக்கு இல்லை. அவாவின்ர சத்தத்தைக் கேக்கோணும் போல கிடக்கு."

அவ போன பிறகு திறந்தேன். அந்தக் கறுத்தத் திரை வந்தது. என்ன தட்டுவது என்று தெரியாமல் உமது பழக்கப்படி மேல் அம்பை அமர்த்தினேன். நீர் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் நாளும் நேரமும் விழும்படி வைத்திருந்தீர் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும்.

எல்லாம் அந்தச் சனிக்கிழமை மத்தியானம். நான் உம்மிடம் வந்ததற்கு முதல் நாள்.

பின்னிருந்து முன்னாகப் போனேன். உமக்கு முன்னிருந்து சொல்கிறேன். முதலில் கணினிகளின் பட்டியலைக் கேட்டிருக்கிறீர். மறுபடியும் கேட்டிருக்கிறீர். பிறகு அந்த எட்டு எழுத்தையும் சொல்லி எழுப்பப் பார்த்திருக்கிறீர், மூன்று தரம். பிறகு அதைத் தேடத் தொடங்கியிருக்கிறீர். எங்களுடையவை எல்லாம் சிங்கப்பூரில்தான் என்று உமக்குத் தெரியாதா? தெரிந்தும் மும்பை மண்டபத்தில் தேடினீர். பிராங்பேர்ட்டில் தேடினீர். இலண்டனில், சிட்னியில், பெயர்கூடக் கேள்விப்படாத இடங்களில் தேடினீர். ஒரே கட்டளை, இடம் மட்டும் வேறு, பதினேழு வரி. காணாமல்போன ஆளை ஒவ்வொரு முகாம் வாசலிலும் போய்க் கேட்டுத் திரிந்தோமே, அதே மாதிரி. இங்கே இல்லாவிட்டால் அங்கே இருக்கக்கூடும் என்று.

கடைசிக் கட்டளை, நான் கொழும்புக்கு அனுப்பிய பட்டியலைத் திறந்து பார்த்தது. தலைப்பில் என் பெயரும் திகதியும். அடியில் 'மொத்தம் பதின்மூன்று, சரி'.

ஆக, ஞாயிற்றுக்கிழமை நீர் என்னிடம் கேட்டபோது உமக்கு எல்லாம் தெரியும்.

பெறாமகளிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் எடுத்தது, ஆனால் சொன்னேன். அவ கத்தவில்லை. கதிரை நுனியில் இருந்தபடி கேட்டா:

"சின்னம்மாவுக்குத் தெரியுமே?"

"தெரியும்."

"நீங்கள் சொன்னனீங்களே?"

"இல்லை. நான் ஓடுது எண்டு சொன்னனான்."

அவ எழுந்து கைப்பையை எடுத்தா. மடிக்கணினியை நீட்டினேன். வாங்கவில்லை. "அப்ப இது உங்களிட்டையே கிடக்கட்டும், ரீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனா. இப்போது சந்தையில் கண்டால் சிரிப்பா, நின்று கதைப்பதில்லை.

உம்மிலும் எனக்குக் கோபம் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். நீர் என்னை ஏசியிருக்கலாம். நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் ஏசத் தெரிந்த உமக்கு, ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து என்னை ஏசத் தெரியாதா? இருபத்தெட்டுப் பாடம். குரல் இருக்கும்போதே செய்து முடிக்க வேண்டும் என்று இருமி இருமிப் பதிந்தவை. அதற்கு ஒரு ஏச்சுக்கூட இல்லாமல், முகாமில் அந்த மனிசி உமக்குத் தந்த அதே சொல்லை எடுத்து எனக்குத் தந்துவிட்டுப் போனீர். உமக்குச் சாகும்வரை பாரமாகக் கிடந்த சொல் என்று தெரிந்துதான் தந்தீரா? அல்லது பயத்தில் பொய் சொல்பவளை உமக்கு நன்றாகத் தெரியும் என்பதால், பாவம், விடுவோம் என்று தந்தீரா? எந்த வகுப்பில் கேட்டாலும் விடை சொல்லும் நீர் இதற்குச் சொல்லமாட்டீர். எனக்கும் ஓர் உதாரணமும் கிடைக்கவில்லை.

அக்கராயன் சேர் இப்போது பாடம் கேட்டு எடுப்பதில்லை. பிள்ளைகள் சிலர் கணிதத்தை விட்டுவிட்டு வேறு பாடம் எடுத்துவிட்டார்களாம். பதின்மூன்று கணினியையும் நான் காலையில் எழுப்புகிறேன், பின்னேரம் படுக்கவைக்கிறேன். பிழை விடுவதில்லை.

பட்டியலில் ஒரே ஒரு மாற்றம் செய்தேன். என் பெயருக்குக் கீழே, ஊர்களுக்கெல்லாம் மேலே, முதல் வரியாக அந்த எட்டையும் எழுதினேன். ஏழு, எஃப், மூன்று, ஏ, பூச்சியம், சி, ஒன்பது, இரண்டு. பார்க்காமலே சொல்வேன் இப்போது. மொத்தம் பதினான்கு என்று திருத்தினேன். 'சரி' என்று எழுதவில்லை.

கொழும்புத் தம்பி போன மாதம் எடுத்தார். "ரீச்சர், உங்கட லிஸ்ட்டில ஒரு பிழையான வரி கிடக்கு. ஒவ்வொரு கிழமையும் எச்சரிக்கை வருது. எடுத்துவிடட்டே?"

"வேண்டாம், தம்பி. கிடக்கட்டும்."

"அப்படி ஒரு மெஷினே இல்லையே, ரீச்சர்."

"தெரியும்."

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கொழும்பின் 'துடை' அந்தப் பட்டியலை வாசித்து ஓடும். நான் அதற்கு முதலே உமது மடிக்கணினியைத் திறந்து, கொப்பித் தாளை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் காத்திருப்பேன். முதல் வரியிலேயே நிற்கும். அந்த எட்டையும் சொல்லி, அப்படி ஒன்று இல்லை என்று எழுதும். உமது கட்டிலடியில் இருந்து நான் சொல்லியிருக்க வேண்டியது அவ்வளவுதான். முழுவதையும் வாசித்துவிட்டு மூடியைச் சாத்துவேன்.